கடல் விலகினால் சிப்பி பொறுக்காதே!



சென்ற ஆண்டிறுதி விடுமுறைக்கு முன்பு என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "கடற்கரைக்குப் போயிருக்கிறீர்கள். திடீரென்று தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடுகிறது. என்ன செய்வீர்கள்?"

"சிப்பி பொறுக்குவோம், சார்!" என்று வகுப்பே ஒரே குரலில் கத்தியது. எனக்கு நெஞ்சு பகீரென்றது.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. 2004 டிசம்பர் 26 அன்று அவர்கள் பிறக்கவே இல்லை. நமக்கோ அது நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விடுமுறை. காலை ஏறத்தாழ 9 மணிக்குச் சுமத்திராவின் மேற்கே கடலடியில் பூமி அதிர்ந்தது. பினாங்கு, கெடா கரைகளுக்கு அலை வந்து சேர்ந்தபோது பிற்பகல் 1 மணி தாண்டிவிட்டது. இடையில் நான்கு மணி நேரம்! அந்த நேரம் முழுவதும் நம் மக்கள் கரையில் பாய் விரித்து, கட்டுச்சோறு பிரித்து, சிரித்துப் பேசிக் கொண்டிருந்தார்கள். ஓடுங்கள் என்று சொல்வார் யாருமில்லை. நம் நாட்டில் 68 உயிர்கள் போயின. இந்தியப் பெருங்கடலைச் சுற்றிலும் மாண்டவர்கள் 2 லட்சத்துக்கும் அதிகம்.

எங்கள் தோட்டத்திலிருந்தும் அன்று ஒரு பேருந்து பினாங்குக்குப் போயிருந்தது. அதில் போன சிறுவன் ஒருவன் இன்று என் மாணவனுக்குத் தந்தை. "தண்ணி உள்ள போனதும் மீன் துள்ளுச்சு சார். பிடிக்க ஓடினோம். சாப்பிட வாடான்னு அம்மா திட்டினாங்க, திரும்பி வந்தேன். இல்லேன்னா நான் இல்லே" என்றார். அவரைக் காப்பாற்றியது தாயின் திட்டு; அறிவு அல்ல. எல்லோருக்கும் அப்படி வாய்க்குமா?

சுனாமி என்பது ஜப்பானியச் சொல். துறைமுக அலை என்று பொருள். நம் முன்னோர் கடற்கோள் என்றனர். கடலடி நிலம் சட்டென்று ஏறி இறங்கினால், மேலிருக்கும் தண்ணீர் அத்தனையும் அசைகிறது. ஆழ்கடலில் அந்த அலை ஒரு மீட்டர் உயரம்கூட இராது. ஆனால் மணிக்கு 700, 800 கிலோமீட்டர் வேகத்தில், விமானம் போல் ஓடும். கரையை நெருங்கியதும் வேகம் குறைந்து, பின்னால் வரும் தண்ணீர் முன்னதன்மேல் ஏறி, மதிலாய் எழும். அலையின் பள்ளம் முதலில் வந்தால் கடல் உள்வாங்கும். மேடு முதலில் வந்தால் உள்வாங்காமலே பாயும்.

1946 ஏப்ரல் 1 அன்று அலூஷியன் தீவுகளருகே எழுந்த அலை, சில மணி நேரத்தில் ஹவாய்த் தீவுகளை அடைந்தது. அங்கே லௌபஹோயிஹோயி என்ற ஊரில், பள்ளிக்கு வந்த பிள்ளைகள் விலகிய கடலை வேடிக்கை பார்த்தார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் அலையில் போனார்கள். ஆசிரியனான எனக்கு இதை எழுதவே கை நடுங்குகிறது.

அதன் பிறகு 1949இல் அங்கே எச்சரிக்கை நிலையம் அமைந்தது. ஆனால் 1960 மே மாதம் சிலி நாட்டுப் பூகம்பத்தின் அலை வந்தபோது, ஹீலோ நகரில் அபாயச் சங்கு ஊதியும் பலர் நகரவில்லை. முதலில் வந்த அலைகள் சிறியவை. பயமில்லை என்று எண்ணிவிட்டார்கள். நள்ளிரவு தாண்டி வந்த பெரிய அலை 61 பேரைக் கொண்டுபோனது. ஆக, சங்கு மட்டும் போதாது. அதைக் கேட்கும் புத்தியும் வேண்டும்.

இப்போது ஒரு நல்ல செய்தி. சுமத்திராவுக்கு மேற்கே சிமெலூ என்றொரு தீவு. 1907இல் அங்கே சுனாமி பலரை விழுங்கியது. பிழைத்தவர்கள் அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். "பூமி பலமாக ஆடினால், கடல் விலகினால், மலைக்கு ஓடு. அதன் பெயர் ஸ்மோங்." பாட்டிமார் தாலாட்டிலும் அதைப் பாடினார்கள். 97 ஆண்டு கழிந்து, 2004இல் பூகம்பத்துக்கு மிக அருகில் இருந்தும், ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் அலைக்குப் பலியானவர்கள் 7 பேர்தான்! கருவி அல்ல, பாட்டி கதை காப்பாற்றியது.

இன்று நம் நாட்டிலும் எச்சரிக்கை நிலையம் உண்டு. கடற்கரைகளில் சங்குகளும் உண்டு. இருந்தாலும், பெற்றோர்களே, அடுத்த முறை கடலுக்குப் போகப் பேருந்து ஏறுமுன் மூன்றே சொற்றொடர் சொல்லிக் கொடுங்கள். நிலம் வெகுநேரம் ஆடினாலோ, கடல் விலகினாலோ, சங்கு ஊதினாலோ, மேட்டுக்கு ஓடு. பையை எடுக்கத் திரும்பாதே. முதல் அலை போனதும் இறங்காதே, பெரியவர்கள் சொல்லும்வரை காத்திரு.

லயத்து வாசலில் அமர்ந்து பேய்க் கதை சொல்கிறோம், ராஜா கதை சொல்கிறோம். இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்வோமே! என் வகுப்பில் மறுநாள் அதே கேள்வியைக் கேட்டேன். "மேட்டுக்கு ஓடுவோம், சார்!" என்றார்கள்.