மூச்சுக்கு ஏது சான்றிதழ்?

தோழர்களே, இதழ் பதினைந்து நாள் தாமதம். காரணம் நைனாவின் மூச்சு.

மயிலாப்பூரில் நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்து நிற்பார். "இர்ரா, மூச்சு வாங்குது." திரும்ப ஏறணுமே என்று டீக்கடைக்கே போவதில்லை. குளித்தால் இரைப்பு, செருப்பு மாட்டக் குனிந்தால் இரைப்பு. பஸ்ஸில் இடம் கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள்: கை கால் நல்லாத்தானே இருக்கு?

இருபத்தைந்து வருஷம் தி.நகர், அடையாறு பக்கம் சாக்கடைக் குழிகளில் காண்ட்ராக்ட் கூலியாக இறங்கியவர். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு மூச்சுக்குழாயை அரிக்கும். கூடினால் ஆளையே சாய்க்கும். பீடியும் உண்டு, மறைக்கவில்லை. டாக்டர் பீடியை மட்டும் எழுதிக்கொண்டார். குழியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

குழிக்குள் செத்தால் கணக்கு உண்டு. 2014-இல் 10 லட்சம் என்ற உச்ச நீதிமன்றம், 2023-இல் 30 லட்சமாக்கியது. பிழைப்பையே முடக்கும் நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சத்துக்குக் குறையக்கூடாது என்றும் சொன்னது. சரி, இந்த ஊனத்தை யார் எழுதித் தருவது? 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் அடுக்கும் 21 வகைகளில் நாள்பட்ட நுரையீரல் நோய் இல்லை. வங்கியில் தினமும் பார்க்கிறேன்: படிவத்தில் கட்டம் இல்லாதவன் கவுன்ட்டரில் ஆளே இல்லை.

நாமும் செத்தவருக்குத்தான் சுவரொட்டி ஒட்டுகிறோம் (நானும் கவிதை எழுதியிருக்கிறேன்). இரைத்துக்கொண்டு கிடப்பவருக்கு? உங்கள் பகுதியில் குழியில் இறங்கிய பெரியவர்களைப் போய்ப் பாருங்கள். எத்தனை வருஷம் இறங்கினார்கள், எத்தனை படி ஏற முடிகிறது, கேட்டு எழுதுங்கள். அடுத்த கூட்டத்தைக் கீழ்த்தளத்தில் வையுங்கள். நைனாவை அழைத்து வருகிறேன்.