முதலில் நகல், பிறகு ரீசெட்

கிளவுட் கோப்புறை ஒத்திசையவில்லை என்று அழைப்பு வந்தால் நம்மில் பலர் பின்பற்றும் வரிசை ஒன்றுதான். செயலியை மூடித் திறப்போம். சரியாகவில்லை என்றால் கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைவோம். அதற்கும் மசியாவிட்டால் ரீசெட். கடைசியில் செயலியையே நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுவோம். பெரும்பாலான நாட்களில் இது வேலை செய்துவிடுகிறது. பச்சை டிக் திரும்பி வருகிறது, அழைப்பும் முடிந்துவிடுகிறது. வேலை செய்யாத நாளில் தொலைவது வாடிக்கையாளரிடம் இருந்த ஒரே பிரதி. கணக்குத் தணிக்கைக்கான ஆவணமோ, முடியும் நிலையில் இருந்த ஆய்வேடோ, அது திரும்பி வராது. ஆகவே இந்த வரிசையை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று இந்த இதழ் உறுதியாகக் கருதுகிறது.

காரணம் ஒத்திசைவு எஞ்சினுக்குள் இருக்கிறது. டிராப்பாக்ஸ் தன் எஞ்சினை ரஸ்ட் மொழியில் திருப்பி எழுதிய பிறகு, அதன் வடிவமைப்பை 2020இல் அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் விரிவாக விளக்கினார்கள். எஞ்சின் மூன்று நிலைகளைப் பதிந்து வைத்துக்கொள்கிறது: சர்வரில் இருப்பது, கணினியில் இருப்பது, இரண்டும் கடைசியாக ஒத்துப்போனபோது இருந்தது. இந்த மூன்றாவது பதிவுதான் உயிர்நாடி. ஒரு கோப்பு சர்வரில் இருக்கிறது, கணினியில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பயனர் அதைக் கணினியில் அழித்துவிட்டாரா, அல்லது சக ஊழியர் சர்வரில் புதிதாகச் சேர்த்தாரா? முதலாவது என்றால் சர்வரிலும் அழிக்க வேண்டும். இரண்டாவது என்றால் கணினிக்கு இறக்க வேண்டும். கடைசியாக ஒத்துப்போன நிலையில் அந்தக் கோப்பு இருந்ததா என்று தெரிந்தால்தான் முடிவெடுக்க முடியும்.

செயலிக்குச் செயலி கட்டமைப்பு மாறினாலும், இப்படி ஒரு பதிவு இல்லாமல் இருவழி ஒத்திசைவு நடக்காது. ரீசெட்டும் கணக்குத் துண்டிப்பும் முதலில் அழிப்பது அதைத்தான். அதன் பிறகு, இணையம் இல்லாதபோது அழித்த கோப்புகள் உயிர்பெற்று எழுகின்றன. இரண்டு இடத்தில் திருத்தப்பட்ட ஆவணம் கணினியின் பெயர் ஒட்டிய மோதல் பிரதியாகப் பிரிந்து நிற்கிறது. இவற்றைப் பொறுமையாகச் சரிசெய்துவிடலாம். ஆனால் கோப்புகளைக் கணினியில் முழுதாக வைக்காமல் தேவைக்கு மட்டும் இறக்கும் ஸ்ட்ரீமிங் முறையில் ஆபத்து பெரிது. இன்னும் மேலேறாத திருத்தம் அங்கே செயலியின் தற்காலிகச் சேமிப்பில் மட்டுமே இருக்கும். அந்தச் சேமிப்பை அழித்தால் திருத்தமும் போய்விடும்.

2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கணினிச் செயலியில் நடந்தது இதற்குச் சான்று. தங்கள் கோப்புகள் பல மாதம் பின்னோக்கிப் போய்விட்டதாகப் பயனர்கள் முறையிட்டார்கள். 84ஆம் பதிப்பைப் பயன்படுத்திய சிலரிடம் கோளாறு இருப்பதைக் கூகுள் ஒப்புக்கொண்டது. அப்போது அது கொடுத்த முதல் அறிவுரை: கணக்கைத் துண்டிக்காதீர்கள், செயலியின் தரவு இருக்கும் டிரைவ்எஃப்எஸ் கோப்புறையை அழிக்கவோ நகர்த்தவோ செய்யாதீர்கள், இடம் இருந்தால் அதை நகலெடுத்து வையுங்கள். அடுத்த மாதம் 85ஆம் பதிப்பில் மீட்புக் கருவி வந்தது. அது கோப்புகளைத் தேடியது அந்தக் கோப்புறையில்தான். பதற்றத்தில் செயலியை அடியோடு துடைத்துப் புதிதாக நிறுவியவர்களுக்கு அந்தக் கருவி தேட இடமே இல்லாமல் போனது.

ஆகவே நாம் முன்வைக்கும் வரிசை இது. முதலில், அந்தக் கணக்கு இயங்கும் எல்லாச் சாதனங்களிலும் ஒத்திசைவை நிறுத்தி வையுங்கள், துண்டிக்க வேண்டாம். அடுத்து, உலாவி வழியாகச் சர்வரில் என்ன இருக்கிறது, கடைசித் திருத்தத் தேதி என்ன, குப்பைக்கூடையில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். பிறகு கணினியில் உள்ள கோப்புறையையும், செயலியை மூடிவிட்டு அதன் தரவுக் கோப்புறையையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். மேக ஐகான் தாங்கிய கோப்பு வெறும் பெயர்ப்பலகை. அதன் உள்ளடக்கம் கணினியில் இல்லை. அதுபோலவே கூகுள் டாக்ஸ் கோப்பு கணினியில் ஓர் இணைப்பு மட்டுமே. பென் டிரைவில் அதை நகலெடுத்தால் ஒரு வரிகூட மிஞ்சாது. வேர்டு வடிவில் இறக்கினால்தான் அது நகல். இவை முடிந்ததும் செயலியின் பதிப்பெண், பிழைச்செய்தி, லாக் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே கை வைக்க வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்.

இந்த வரிசையில் போனால் பாதி அழைப்புகளில் ரீசெட்டுக்கே வேலை இருக்காது, ஏனெனில் வழக்கமான காரணங்கள் எளியவை. இடம் நிரம்பியிருக்கும்: கூகுளின் இலவச 15 ஜிபி, ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது, மைக்ரோசாஃப்டும் ஆப்பிளும் இலவசமாகத் தருவது 5 ஜிபிதான். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கணினியின் தேதி பல ஆண்டு பின்தங்கியிருக்கும். அதனால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று செயலி மறுக்கும். டெஸ்க்டாப் கோப்புகள் எல்லாம் மாயமாகிவிட்டன என்று ஒருவர் அலறுவார்; யாரோ ஒன்டிரைவின் கோப்புறை பேக்கப்பை நிறுத்தியிருப்பார்கள், கோப்புகள் ஒன்டிரைவுக்குள் இருக்கும் டெஸ்க்டாப் கோப்புறையில் பத்திரமாக இருக்கும்.

தமிழில் வேலை செய்கிற நமக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ஆங்கிலக் கையேடுகள் அதைச் சொல்லித் தராது. 'தொகுப்பு' என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் ஒரே இடத்தில் நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை யூனிகோடில் இரு வழிகளில் எழுதலாம். ஒற்றைக் குறியீடாக எழுதலாம்; அல்லது முன்னால் நிற்கும் கொம்பு, பின்னால் நிற்கும் குறி என இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு துளியும் தெரியாது. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. விண்டோஸ் தட்டச்சானபடியே வைத்துக்கொள்கிறது. 2017இல் மேக்கிற்கு வந்த ஏபிஎஃப்எஸ், வந்த வடிவத்தைக் காப்பாற்றினாலும் இரண்டையும் ஒரே பெயராகக் கொள்கிறது. எனவே விண்டோஸில் அடுத்தடுத்து நிற்கும் இரட்டைக் கோப்புறைகள் மேக்கில் ஒன்றையொன்று இடிக்கும், ஒத்திசைவு நின்றுவிடும். இங்கே ரீசெட் ஒன்றும் செய்யாது. பெயர்களை ஒற்றைக் குறியீட்டு வடிவத்துக்கு மாற்றுவதே தீர்வு. லினக்ஸில் கன்வ்எம்வி கருவி ஒரே கட்டளையில் அதைச் செய்கிறது. மேக்கிலிருந்து பழைய சேகரம் வரும்போதெல்லாம் ஏற்றுவதற்கு முன்பே செய்துவிட்டால் பின்னால் தேட வேண்டியதில்லை.

நீளமும் அப்படியே. லினக்ஸில் இயங்கும் சேமிப்புப் பெட்டிகளில் ஒரு கோப்பின் பெயருக்கு எல்லை பொதுவாக 255 பைட். ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக 85 குறியீடுகள். உயிர்மெய்க்கும் புள்ளி வைத்த மெய்க்கும் பெரும்பாலும் இரண்டு குறியீடுகள் தேவைப்படுவதால், ஏறக்குறைய ஐம்பது எழுத்தில் பெயர் முடிந்துவிடும். பெயரையும் சேர்த்துக் குறியாக்கம் செய்யும் இகிரிப்ட்எஃப்எஸ் முறையில் எல்லை 143 பைட், அதாவது 47 குறியீடுகள். அலுவலகக் கடிதத்தின் பொருள் வரியை அப்படியே கோப்புப் பெயராக வைக்கும் வழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு. அந்தக் கோப்புகள் விண்டோஸில் நன்றாகத் திறக்கும், பேக்கப் பெட்டிக்கு மட்டும் போய்ச் சேராது. விண்டோஸில் வேறு எல்லை: பல பழைய மென்பொருள்கள் முழுப் பாதைக்கும் 260 எழுத்துக்கு மேல் ஏற்பதில்லை, ஒன்டிரைவ் 400 வரை ஏற்கிறது. சர்வரில் சரியாக இருக்கும் கோப்பு ஒருவர் கணினியில் மட்டும் திறக்கவில்லை என்றால் முதலில் பாதையின் நீளத்தை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, திறந்தே கிடக்கும் கோப்புகள். கணக்கு மென்பொருளின் தரவையும் அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பையும் ஒத்திசைவுக் கோப்புறையில் வைத்துவிட்டு, பேக்கப் ஆகிவிட்டது என்று நம்பியிருக்கும் கடைகளும் அலுவலகங்களும் ஏராளம். தரவுத்தளம் என்பது பல நேரங்களில் ஒரே கோப்பு அல்ல. எஸ்க்யூலைட் போன்றவை முதன்மைக் கோப்போடு ஒரு பதிவேட்டுக் கோப்பையும் சேர்த்தே எழுதுகின்றன. ஒத்திசைவுச் செயலி இரண்டையும் வெவ்வேறு நொடியில் எடுத்துச் சென்றால் சர்வரில் இருப்பது ஒன்றோடொன்று பொருந்தாத இரு பாதிகள். தரவு உள்ளூர் டிஸ்க்கில் இருக்கட்டும். மென்பொருளே உருவாக்கும் பேக்கப் கோப்பு மட்டும் கிளவுடுக்குப் போகட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே தவறான நம்பிக்கை இருக்கிறது: ஒத்திசைவு என்றால் பேக்கப். ஒத்திசைவு ஒரு மாற்றத்தை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறது. அந்த மாற்றம் தவறி அழித்ததாக இருக்கலாம், ரான்சம்வேர் பூட்டியதாகவும் இருக்கலாம். குப்பைக்கூடை தரும் அவகாசம் குறுகியது: கூகுள் டிரைவிலும் தனிநபர் ஒன்டிரைவிலும் 30 நாள், அலுவலக, பள்ளிக் கணக்கு ஒன்டிரைவில் 93 நாள். காலாண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் கோப்பு தொலைந்தது தெரியவரும் முன்பே 30 நாள் கடந்துவிடும். பழைய நிலைக்குத் திரும்பும் வசதியும் பேக்கப்புக்கு ஈடாகாது. ஒன்டிரைவின் முழு மீட்புக்கும் அதே 30 நாள்தான் எல்லை.

எனவே வாசகர்களிடம் இரண்டு கோரிக்கைகள். ஒன்று, மேலே சொன்ன வரிசையை உங்கள் உதவி மேசையில் எழுதி ஒட்டுங்கள். நகல் எடுத்ததற்கான குறிப்பு இல்லாமல் ரீசெட்டோ மறுநிறுவலோ செய்யக்கூடாது என்பதை விதியாக்குங்கள். தொலைபேசியில் வழிகாட்டும் புதிய ஊழியருக்கு இது கூடுதல் பொறுப்பு, ஏனெனில் எதிர்முனையில் இருப்பவர் எதை அழுத்துகிறார் என்பதை அவரால் பார்க்க முடியாது. இரண்டு, அடுத்த முறை ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, கிளவுட் கணக்கோடு இணையாத தனி நகல் ஒன்று, அது எங்கே இருக்கிறது, கடைசியாக எந்தத் தேதியில் அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பார்த்தோம் என்ற மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சிறு வாடிக்கையாளர் கூடுதல் செலவுக்குத் தயங்கினால், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் தொடங்கினாலும் போதும். மீட்டுப் பார்க்காத நகலை நகல் என்று கணக்கில் எழுதாதீர்கள்.