பள்ளி உறுதிமொழியில் 'கொடி' ஏன் இல்லை? கருப்புக் கொடி பறந்த நாளில் அறிமுகமான கதை!

அரியலூரோ, பெரம்பலூரோ, எந்த ஊர் பள்ளிக்கூடமாக இருந்தாலும் காலை பிரேயரில் இந்தக் காட்சி மாறாது. முன்னால் நிற்கும் மாணவர் ஒருவர் சொல்லச் சொல்ல, கையை நீட்டியபடி மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். "இந்தியா எனது நாடு. இந்தியர் அனைவரும் என் உடன்பிறந்தவர்கள்..." இந்த இடத்தில் கடைசி வரிசையில் இருந்து "ஒரு பொண்ணைத் தவிர" என்று ஒரு முணுமுணுப்பு கேட்கும். ஹெச்.எம். முறைப்பார். சிரிப்பை அடக்கிக்கொண்டு மீதியையும் சொல்லி முடிப்பார்கள்.

தலைக்கு மேலே கொடி பறக்கிறது. ஆனால் சொல்லிப் பாருங்கள், இந்த உறுதிமொழியில் 'கொடி' என்ற சொல்லே வராது. முழுக்க முழுக்க மக்களைப் பற்றியது. கொடிக்கென்று தனியாக வேறொரு உறுதிமொழி இருக்கிறது. அதை நம்மில் பலர் ஒரு தடவைகூட சொல்லியிருக்க மாட்டோம்.

யார் எழுதியது?

எழுதியவர் கவிஞரோ, அமைச்சரோ அல்ல. பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். நல்கொண்டா மாவட்டம் அன்னெபர்த்தி கிராமத்துக்காரர். 1962-ல் விசாகப்பட்டினத்தில் மாவட்ட கருவூல அதிகாரியாக இருந்தபோது, சீனப் போர் நடந்த அந்த ஆண்டில், தெலுங்கில் இதை எழுதினார். தென்னேட்டி விஸ்வநாதம் மூலமாக அன்றைய ஆந்திர கல்வி அமைச்சர் பி.வி.ஜி. ராஜுவின் கைக்குப் போனது. 1963-ல் விசாகப்பட்டினத்துப் பள்ளியில் முதலில் வாசிக்கப்பட்டது. 1964 அக்டோபரில் எம்.சி. சாக்ளா தலைமையில் பெங்களூருவில் கூடிய மத்திய கல்வி ஆலோசனை வாரியம் இதை நாடு முழுவதற்கும் எடுத்துக்கொண்டது.

பாடநூல்களில் உறுதிமொழி வந்தது, அவர் பெயர் வரவில்லை. பேத்தி பாடப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், தான் எழுதியது தேசிய உறுதிமொழி ஆகிவிட்டது என்பதே அவருக்குத் தெரிந்தது என்கிறார்கள் குடும்பத்தினர். 1988-ல் அவர் காலமானார்.

மொழிக்கு மொழி வார்த்தைகளும் கொஞ்சம் மாறுகின்றன. தெலுங்கில் 'மாத்ருபூமி', அதாவது தாய்மண். ஆங்கிலத்தில் வெறும் 'என் நாடு'. ஆங்கிலத்தில் சகோதரர்கள், சகோதரிகள் என்று இரண்டாகச் சொல்ல வேண்டியதை, தமிழில் 'உடன்பிறந்தவர்கள்' என்ற ஒரே சொல் ஆண், பெண் பேதமில்லாமல் சொல்லிவிடுகிறது. தெலுங்கில் விலங்குகளிடம் கருணையாக இருப்பேன் என்றும் ஒரு வரி உண்டு. நம்ம ஊர் பிரேயரில் அது இல்லை.

1965 ஜனவரி 26: இரண்டு காட்சிகள்

பள்ளிகளில் இந்த உறுதிமொழி நடைமுறைக்கு வர வேண்டும் என்று குறிக்கப்பட்ட நாள், 1965 ஜனவரி 26. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்தத் தேதியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அரசியலமைப்புச் சட்டம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த 15 ஆண்டு அவகாசம் முடிந்து, இந்தி ஒன்றியத்தின் ஆட்சிமொழி ஆகும் நாள் அது. திமுக அதைத் துக்க நாளாக அறிவித்து, கருப்புக் கொடி ஏற்றச் சொன்னது. அண்ணா உள்ளிட்ட தலைவர்கள் முன்கூட்டியே கைது செய்யப்பட்டார்கள். தெருவுக்கு வந்தவர்களில் பெரும்பகுதி மாணவர்கள்.

அதற்கு ஓராண்டு முன்பு, 1964 ஜனவரி 25 அன்று, திருச்சியில் இந்தித் திணிப்பை எதிர்த்து தீக்குளித்து உயிரிழந்தார் சின்னசாமி. அவருடைய ஊர் கீழப்பழுவூர். இன்றைய அரியலூர் மாவட்டம். அன்றைக்கு இந்தப் பகுதி முழுவதும் திருச்சி மாவட்டம்தான்.

'பன்முக மரபுக்காகப் பெருமைப்படுகிறேன்' என்று மாணவர்கள் சொல்ல வேண்டிய அதே நாளில், அந்தப் பன்முகத்தில் என் மொழிக்கு இடம் எங்கே என்று கேட்டு அதே வயதுக்காரர்கள் தெருவில் நின்றார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. தேதி அப்படி அமைந்துவிட்டது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்த உறுதிமொழியின் கதை முழுமையாகாது.

வேட்பாளர்களும் சொல்லும் உறுதிமொழி

பெரியவர்களுக்கான உறுதிமொழியும் அதே காலத்தில்தான் மாறியது. காரணம், திமுகவின் திராவிட நாடு கோரிக்கை. 1963-ல் வந்த 16-வது அரசியலமைப்புத் திருத்தம், 'இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவேன்' என்ற சொற்களை உறுதிமொழியில் சேர்த்தது. ஜெயித்து வந்தவர்கள் மட்டுமல்ல, போட்டியிடுபவர்களும் உறுதிமொழி எடுத்தே ஆக வேண்டும் என்றானது. அப்போது மக்களவையில் பெரம்பலூரின் உறுப்பினர் யார் தெரியுமா? திமுகவின் இரா. செழியன். அந்த ஆண்டே திமுக பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது.

இன்றைக்கும் பெரம்பலூர், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் என எந்தத் தொகுதியில் மனு போட்டாலும், தேர்தல் நடத்தும் அதிகாரி முன்பு வேட்பாளர் வாசிக்கும் வரிகள் அவைதான். சுயேச்சையாக இருந்தாலும் விலக்கு இல்லை.

அப்போ கொடி உறுதிமொழி?

அது 2002-ல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பில் இருக்கிறது. பள்ளிகளில் மாணவர்கள் சதுரத்தின் மூன்று பக்கங்களாக நிற்க வேண்டும், நான்காவது பக்கத்தில் கொடி இருக்க வேண்டும் என்று சொல்லும் அதே பகுதியில் வருகிறது. கைகூப்பி நின்று சேர்ந்து சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம்தான்: தேசியக் கொடிக்கும், அது குறிக்கும் இறையாண்மை மிக்க ஜனநாயகக் குடியரசுக்கும் விசுவாசமாக இருப்பேன்.

'சமதர்ம', 'மதச்சார்பற்ற' எங்கே போயின? 1976-ல் 42-வது திருத்தம் முகவுரையில் அந்தச் சொற்களைச் சேர்த்தது. அதற்கு 26 ஆண்டுகள் கழித்து வந்த விதித்தொகுப்பு, 1950-ன் பழைய வரியையே வைத்திருக்கிறது. முகவுரையில் அந்தச் சொற்கள் வேண்டுமா, வேண்டாமா என்று டிவி விவாதங்களில் சத்தம் போடுபவர்கள் இதை கவனித்ததாகத் தெரியவில்லை.

வாக்கிய அமைப்பு அமெரிக்காவை ஞாபகப்படுத்தும். 1892-ல் பிரான்சிஸ் பெல்லமி எழுதிய அமெரிக்க உறுதிமொழியிலும் 'கொடிக்கும், அது குறிக்கும் குடியரசுக்கும்' என்றுதான் வரும். 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் 1954-ல் சேர்ந்தவை. அங்கே சில மாநிலங்களுக்குத் தனிக் கொடி உறுதிமொழியே உண்டு. டெக்சாஸ் மாநிலத்துக்கு 1933-ல் இருந்து இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் நாட்டுக்கொன்று, மாநிலத்துக்கொன்று என இரண்டையும் சொல்கிறார்கள்.

இங்கே மாநிலக் கொடியே இல்லை, உறுதிமொழிக்கு எங்கே போவது? 1970-ல் முதல்வர் கருணாநிதி தமிழ்நாட்டுக்கென ஒரு கொடி வடிவத்தை வெளியிட்டார். தேசியக் கொடியும் கோபுரச் சின்னமும் சேர்ந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. சுதந்திர தினத்தில் முதல்வர் கொடியேற்றும் உரிமை 1974-ல் கிடைத்தது. 2018-ல் கர்நாடகா கேட்டுப் பார்த்தது. ஜம்மு காஷ்மீருக்கு இருந்த தனிக் கொடியும் 2019-ல் போனது.

சொல்லாவிட்டால் தண்டனை உண்டா?

1971-ம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் கொடி, அரசியலமைப்பு, தேசிய கீதம் பற்றிப் பேசுகிறது. உறுதிமொழி அதில் இல்லை. கேரளாவில் தேசிய கீதம் பாடாமல், ஆனால் மரியாதையாக எழுந்து நின்ற மூன்று பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கியது தவறு என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த அந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சுரிமையும் மத உரிமையும் உண்டு என்றது நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு. அமெரிக்காவில் 1943-லேயே, பிள்ளைகளைக் கொடிக்கு வணக்கம் செலுத்தச் சொல்லியோ, உறுதிமொழி சொல்லச் சொல்லியோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.