கசப்பும் கணக்கும்

பரிசு அறிவிப்பு வந்த சூடு ஆறுவதற்குள் ஒரு சக இதழ் கண்டுபிடித்துவிட்டது: குறை சொல்பவர்கள் எல்லாரும் பரிசு கிடைக்காதவர்களாம், அவர்கள் விமர்சனம் வெறும் வயிற்றெரிச்சலாம். பரிசு பெற்ற நூலின் தரம் பற்றி அந்தக் கட்டுரையில் மூச்சு இல்லை. வாங்கியவன் குறை சொன்னால் நன்றிகெட்டவன், வாங்காதவன் சொன்னால் பொறாமைக்காரன். பிறகு வாய் திறக்க யாருக்குத்தான் யோக்கியதை?

எர்வின் சார்காஃப் என்ற வேதியியலாளரை இந்த வழக்கில் சாட்சிக்கு அழைக்கிறோம். இலக்கியச் சண்டையில் ரசாயனம் எதற்கு என்பவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். 1905இல் செர்னோவிட்சில் பிறந்தவர். வியன்னாவில் படித்து, 1933இல் பெர்லினை விட்டு வெளியேறி, பாரிஸ் வழியாக நியூயார்க் போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நிலைகொண்டவர். 1944இல் நுண்ணுயிரியலாளர் ஏவரி குழுவினரின் கட்டுரை வெளிவந்தது. நிமோனியா கிருமியின் குணத்தை மாற்றுவது புரதமல்ல, டிஎன்ஏ என்றது அது. பலர் நம்பவில்லை. சார்காஃப் தன் ஆய்வகத்தையே அந்தப் பக்கம் திருப்பினார்.

டிஎன்ஏவில் அதன் அங்கங்களான நான்கு காரங்களும் சம அளவில் திரும்பத் திரும்ப வருகின்றன என்ற வேதியியலாளர் லெவீனின் கருத்துதான் அன்று வேதவாக்கு. அப்படியொரு மந்தமான சங்கிலியில் மரபுக்கு என்ன வேலை? மறுப்பதற்கு வாய் போதாது, அளக்க வேண்டும். கன்றின் தைமஸ் சுரப்பி, ஈஸ்ட், காசநோய்க் கிருமி என்று ஒவ்வொன்றிலிருந்தும் டிஎன்ஏவைப் பிரித்து, உடைத்து, வடிதாளில் ஓடவிட்டார்கள். காரங்களுக்கு நிறமில்லை. பாதரச உப்பேற்றிக் கறுப்பாக்கித்தான் எது எங்கே நிற்கிறது என்று கண்டார்கள். பிறகு அந்த இடத்துக் காரத்தைக் கரைத்தெடுத்து, புற ஊதாக் கதிரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தார்கள். 1950இல் கணக்கு வெளியானது. உயிருக்கு உயிர் விகிதம் மாறுகிறது. ஆனால் எதில் பார்த்தாலும் அடினினும் தைமினும் ஏறக்குறைய சமம், குவானினும் சைட்டோசினும் சமம். மனிதனுக்கு இதே வரிசையில் 30.9, 29.4, 19.9, 19.8 சதவீதம் என்று பாடப்புத்தகங்களில் இன்றும் அச்சாகிறது.

அந்தச் சமம் ஜோடி என்பதை அவர் சொல்லவில்லை. 1952இல் கேம்பிரிட்ஜில் இரண்டு பேரைச் சந்தித்தார். காரங்களின் அமைப்பைக்கூட உடனே சொல்லத் தெரியாதவர்கள் என்று அவர்களை எள்ளினார். அடுத்த ஆண்டு அந்த இருவரும், வாட்சனும் கிரிக்கும், டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் அமைப்போடு வந்து நின்றார்கள். 1962இல் நோபல் அவர்களுக்கும் டிஎன்ஏவை ஆராய்ந்த வில்கின்ஸுக்கும் போனது.

அதற்குப் பிறகு சார்காஃப் எழுதியதில் கசப்பு உண்டு, தாராளமாகவே உண்டு. அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிய வாட்சனின் நூலுக்கு 1968இல் அவர் எழுதிய மதிப்புரை அமிலம். மரபணு ஒட்டுவேலையை எதிர்த்து 1976இல் எழுதிய கடிதம் இன்னும் காட்டம். அந்த அச்சத்தில் மிகை இருந்தது. அதே ஒட்டுவேலையிலிருந்துதான் பின்னால் இன்சுலின் வந்தது. ஆனால் அவரை மறுக்க இன்சுலினைக் காட்டலாம், கிடைக்காத நோபலைக் காட்டக்கூடாது. ஆராய்ச்சி சந்தைச் சரக்காகிறது என்ற அவர் குற்றச்சாட்டுக்கு ‘பாவம், பரிசு கிடைக்காதவர்’ என்பதா பதில்? கசந்தவன் போட்ட கணக்கு என்பதற்காகக் கூட்டுத்தொகை குறைந்துவிடுமா?

இந்த நாக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதில் நமக்குத் தனி ருசி. இளமையில் வியன்னாவில் கார்ல் கிராவுஸின் மேடை வாசிப்புகளுக்குப் போனவர் அவர். 1899இல் தொடங்கிய இதழை 1911க்குப் பிறகு ஏறக்குறைய முழுக்கத் தானே எழுதி நிரப்பிய மனிதர் கிராவுஸ். ஒரு காற்புள்ளி இடம் தவறினால் நாகரிகமே தவறிவிட்டதாகக் கொதிப்பவர். 1933இல் அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு இதழ், அதுவும் நான்கே பக்கம். இதழ் ஏன் தாமதம் என்று கேட்டுக் கடிதம் போடும் சந்தாதாரர்கள் கவனிக்க. மொழி கெட்ட இடத்தில் பொய் குடியேறும் என்ற அந்தப் பள்ளியின் பாடத்தைத்தான் சார்காஃப் ஆய்வகத்துக்கு எடுத்துப்போனார். நம் இலக்கிய வடிவவாதிகளும் களப்பணியாளர்களும் ஒருவரையொருவர் திட்டுவதற்கு முன் அவருடைய தன்வரலாறான ‘ஹெராக்ளிடஸின் நெருப்பு’ நூலை ஒரு தடவை படிக்கலாம்.

மறுபடி பரிசுக்கு வருவோம். நோபலை ஒரு துறையில் மூவருக்கு மேல் பகிர முடியாது. எக்ஸ்ரே படங்களால் அந்தச் சுருளுக்கு ஆதாரம் தந்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் 1958லேயே இறந்துவிட்டார். இறந்தவர்களைப் பரிந்துரைப்பதும் இல்லை. சார்காஃபுக்காவது ‘சார்காஃப் விதி’ மிஞ்சியது. அவருடைய ஆய்வகத்தில் அந்தக் காரங்களைப் பிரித்து அளந்த எர்ன்ஸ்ட் விஷரின் பெயர் எந்தப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? அவருக்கு வயிறு எரிந்ததா என்று விசாரிக்கக்கூட ஆளில்லை.