படத்தில் தெரியாத முதுகு

2020-இல் உலகெங்கும் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியால் பாதிக்கப்பட்டனர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு, வலிக்கு இதுதான் காரணம் என்று உடலமைப்பில் ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாது. ஸ்கேனில் கோளாறு தெரியாவிட்டால், நோயாளியின் சொல்லே ஐயத்துக்குள்ளாகிறது.

ஆஸ்திரேலியாவின் பிரிமேண்டில் நகரில் பெனடிக்ட் வாண்ட் குழுவினர் உருவாக்கி 2014-இல் வெளியிட்ட வினாப்பட்டியல் அச்சொல்லுக்கு அளவுகோல் தருகிறது. முதுகு உடலோடு ஒட்டாததுபோல் தோன்றுகிறதா, வீங்கியோ சுருங்கியோ இருப்பதாகப் படுகிறதா, அதன் எல்லையை உணர முடிகிறதா என்பன போன்றவற்றை அது 9 கூற்றுகளில் ஆராய்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 36. நாள்பட்ட வலியுடையோர், வலியற்றவர்களைவிடப் பொதுவாகக் கூடுதல் மதிப்பெண் பெறுகின்றனர்.

இந்த உணர்வுப் பிறழ்வு வலியின் காரணமா, விளைவா என்பதை மதிப்பெண் மட்டும் சொல்லிவிடாது. ஆகவே, ‘எல்லாம் மனப்பிரமை’ என்று நோயாளியைத் தட்டிக்கழிக்க அது சான்றாகிவிடக் கூடாது. ஆபத்தான நோய்க்குறிகள் இல்லாதபோது, ஸ்கேனுக்கு எழுதிக்கொடுக்கும் முன் மருத்துவர்கள் இந்த வினாப்பட்டியலைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. சில நிமிடங்களே பிடிக்கும்; செலவும் மிகக் குறைவு. நோயாளியை நம்புவதிலிருந்துதான் சிகிச்சை தொடங்க முடியும்.