எச்.ஐ.வி. மாத்திரையும் சிறுநீரகமும்: ‘நார்மல்’ ரிப்போர்ட்டை அப்படியே நம்பலாமா?

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் 2004 முதல் இலவச சிகிச்சை தரப்படுகிறது. இப்போது பெரும்பாலானோருக்குத் தினமும் ஒரே ஒரு மாத்திரைதான். டி.எல்.டி. எனப்படும் அதில் டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. இருக்கின்றன. இவற்றில் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடியது டெனோஃபோவிர்.

என்ன செய்கிறது?

டெனோஃபோவிர் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. போகிற வழியில் சிறுநீரக நுண்குழாய் செல்களில் தேங்கினால் அவை பழுதாகும். ரத்தத்துக்குத் திரும்ப வேண்டிய புரதம், குளுக்கோஸ், பாஸ்பேட் எல்லாம் சிறுநீரில் போய்விடும். எலும்பும் பலவீனமாகலாம். பெரும்பாலானோருக்குப் பாதிப்பு இந்த அளவுக்குப் போவதில்லை.

யாருக்கு ரிஸ்க் அதிகம்?

வயதானவர்கள், எடை குறைந்தவர்கள், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஏற்கெனவே சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள். 40 கிலோ இருப்பவருக்கும் 80 கிலோ இருப்பவருக்கும் அதே 300 மி.கி.தான். மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

ரிப்போர்ட் எங்கே ஏமாற்றும்?

சிறுநீரகத்தைச் சோதிக்க ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்ப்பார்கள். இது தசையிலிருந்து வரும் கழிவு. மெலிந்த உடலில் குறைவாகவே உருவாகும். அதனால் சிறுநீரகம் தளர்ந்தாலும் எண் பெரிதாக ஏறாது.

இருவருக்கு கிரியேட்டினின் 1.0 என வைத்துக்கொள்வோம். வயது, எடை, பாலினத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால், 30 வயது, 75 கிலோ ஆணின் சிறுநீரகத் திறன் நிமிடத்துக்கு சுமார் 115 மி.லி. 60 வயது, 40 கிலோ பெண்ணுக்கோ வெறும் 38 மி.லி.! இது 50-க்குக் கீழே இருந்தால், டி.எல்.டி. மாத்திரையைத் தினமும் தருவது பொதுவாகத் தவிர்க்கப்படும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. டோலுடெக்ராவிர், சிறுநீரகத்தைக் கெடுக்காமலேயே கிரியேட்டினினை லேசாக ஏற்றும். எனவே ஒரு எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். சிறுநீர்ப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடவே கூடாது. நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகும். ஹெபடைட்டிஸ் பி-யும் இருந்தால் கல்லீரல் பாதிப்பு திடீரெனத் தீவிரமாகலாம். அபாகாவிர், சிறுநீரகத்துக்குச் சுமை குறைந்த டெனோஃபோவிர் அலாஃபெனமைடு என மாற்று மருந்துகள் இருக்கின்றன. யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து மாற்றினால், பெரும்பாலும் சிறுநீரகம் தேறிவிடும்.

அடுத்த முறை ரிப்போர்ட் வாங்கும்போது ‘கிரியேட்டினின் எவ்வளவு?’ என்பதோடு நிறுத்தாமல், ‘என் வயசுக்கும் எடைக்கும் கணக்குப் போட்டா எவ்வளவு வருது?’ என்றும் கேட்டுவிடுவது நல்லது.