உள்ளேன் ஐயா!

பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு. கோடை விடுமுறை உண்டு. உடம்பு சரியில்லையென்று எழுதிக் கொடுத்தால் தற்செயல் விடுப்பும் உண்டு. விடுமுறையே இல்லாத ஊழியம் ஒன்று உலகத்தில் இருக்கிறதென்றால் அது மூச்சு விடும் ஊழியந்தான். நாம் விழித்திருந்தாலும் உறங்கினாலும், நாளொன்றுக்குச் சுமார் 20,000 தடவை, யாரும் ஏவாமலே அது நடந்துகொண்டிருக்கிறது. இப்படி உழைக்கும் ஊழியனை நாம் ஒரு நாளாவது நினைத்ததுண்டா? அவன் தடுமாறுகிற இரவில்தான் நினைக்கிறோம்.

எனக்கு அந்த இரவு 2022ஆம் வருஷத்தில் வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் கடுமையான காய்ச்சலில் படுத்து எழுந்தேன். காய்ச்சல் போய்விட்டது, போகும்போது என்னுடைய தெம்பையும் கையோடு கொண்டு போய்விட்டது. கரும்பலகைக்கு முன்னால் சற்று நேரம் நின்றால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், கண் இருளும். ஆகவே நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடம் நடத்தத் தொடங்கினேன். பையன்களுக்கு இதில் பரம சந்தோஷம். கடைசி வரிசையில் நடப்பது எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லையல்லவா?

பகலை இவ்விதம் சமாளித்துவிட்டேன். இரவுதான் பெரும்பாடாயிற்று. நடுநிசி இரண்டு மணிக்கு, யாரோ உலுக்கி எழுப்பியதுபோல் விழித்துக்கொள்வேன். மூச்சு உள்ளே போகும், ஆனால் போதாது. நாடி குதிரை வேகத்தில் ஓடும். இன்னும் கொஞ்சம் காற்று, இன்னும் கொஞ்சம் காற்று என்று இழுக்க இழுக்கத் தலை சுற்றும். விரல் நுனிகள் குறுகுறுக்கும். எழுந்து ஜன்னலருகே போய் நின்றால் நிலைமை இன்னும் மோசமாகும்.

"என்ன செய்கிறது? டாக்டரிடம் போகலாமா?" என்பாள் என் மனைவி.

"ஒன்றுமில்லை. நீ தூங்கு" என்பேன்.

இருபது வருஷ உத்தியோகத்தில் மாணாக்கர்களிடம் எத்தனையோ பொய்களைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு பெரிய பொய்யை ஒருவனும் சொன்னதில்லை. அவளும் தூங்கவில்லை. நான் கண்ணயர்ந்த பிறகு, இருட்டில் என் மூச்சை எண்ணிக்கொண்டு அவள் விழித்திருந்தாளென்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது.

ஒரு வைத்தியசாலைக்குப் போனோம். இருதயத்தைப் படம் பிடித்தார்கள், குற்றமில்லை. விரலில் ஒரு கருவியை மாட்டினார்கள். 98 என்று காட்டிற்று. "வியாதி ஒன்றுமில்லை; வீண் கவலைதான்" என்று அனுப்பிவிட்டார்கள். மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினோம். இல்லாத அந்த வியாதி அன்றிரவும் இரண்டு மணிக்குத் தவறாமல் வந்து சேர்ந்தது.

விரலில் மாட்டும் அந்தக் கருவியைக் குறை சொல்லுவதற்கில்லை. ஜப்பானியரான டக்குவோ அயோயாகி என்பவர் 1974ஆம் ஆண்டில் அதன் தத்துவத்தை வெளியிட்டார். அதனால் உயிர் பிழைத்தவர்கள் பலர். ஆனால் இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவையும் நாடித் துடிப்பையும் மட்டுமே அது சொல்லும். கரியமில வாயுவைப் பற்றி வாய் திறவாது. நோயாளி படும் பாட்டை அளக்கும் கருவி இன்னும் வரவில்லை. அதை நோயாளிதான் எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சியமும் வேண்டும்.

உபாத்தியாயனுக்குத் தெரிந்த சாட்சியம் ஒன்றுதான்: வருகைப் பதிவேடு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டேன். விழித்த நேரம், படுத்திருந்த விதம், இராச் சாப்பாடு என்ன, எப்பொழுது, நாடித் துடிப்பு எத்தனை என்று எழுதி வந்தேன். கடைசிக் கட்டம் என் மனைவியினுடையது. குறட்டை உண்டா, மூச்சு நின்று நின்று வந்ததா, தொண்டையில் ஏதேனும் சப்தம் கேட்டதா என்பதை உறங்குகிறவன் அறிய முடியாதல்லவா? ஆறு வாரம் எழுதினோம். அந்த நோட்டைத்தான் நரம்பியல் டாக்டர் ஒருவரிடம் கொண்டு போனோம். அவர் பரீட்சைத் தாளைத் திருத்துவதுபோல் ஒரு வரி விடாமல் படித்தார்.

பிறகு என்னைப் படுக்கவைத்து நாடி பார்த்தார்: 72. எழுந்து பத்து நிமிஷம் நிற்கச் சொன்னார். நாடி 112க்கு ஏறிற்று; இரத்த அழுத்தம் இறங்கவில்லை. நின்ற 10 நிமிஷத்துக்குள் நாடி 30க்குக் குறையாமல் ஏறி, அழுத்தமும் இறங்காதிருந்து, இந்தத் தொல்லைகள் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், வேறு காரணம் இல்லாதபட்சத்தில் அதற்கு 'பாட்ஸ்' என்று பெயராம். டிஸ்ஆட்டோனோமியா என்னும் குடும்பத்தில் இது ஓர் அங்கத்தினர்.

நம்முடைய உத்தரவுக்குக் காத்திராமல் இருதயம், இரத்தக் குழாய், குடல், வியர்வை எல்லாவற்றையும் நடத்தி வரும் நரம்பு மண்டலத்துக்கு, 'தன்னியக்க' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரை 1898இல் சூட்டியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த லாங்லி என்னும் அறிஞர். அந்த நிர்வாகம் தடுமாறுவதே டிஸ்ஆட்டோனோமியா. உறக்கத்தின் நடுவே பரிவு நரம்புகள் காரணமில்லாமல் அபாயச் சங்கை ஊதிவிடுகின்றன. இருதயம் துள்ளுகிறது, நாம் பயந்து விழித்து அளவுக்கு மீறி மூச்சு வாங்குகிறோம். அதனால் கரியமில வாயு குறைகிறது; மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன; தலை சுற்றுகிறது. காற்றுப் போதவில்லையென்றெண்ணி மேலும் இழுக்கிறோம். தொல்லையைத் தீர்க்கப் போய் தொல்லையை வளர்க்கிறோம். கவலை இதில் சேர்ந்துகொள்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் கவலை மட்டுமே காரணமென்பது வாஸ்தவமல்ல.

டாக்டர் இதோடு நிற்கவில்லை. ஓர் இரவு முழுவதும் தூக்கப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். உறக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகும் வியாதி எனக்கில்லையென்று அதில் தெரிந்தது. அது இருந்திருந்தால் சிகிச்சையே வேறு. முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி வழியைத் திறந்து வைக்கும் முறையை ஆஸ்திரேலியாவில் காலின் ஸல்லிவன் 1981இல் வெளியிட்டார். ஆகவே நேயர்கள் தாங்களாகவே பெயர் சூட்டிக்கொள்ளாமல் முதலில் பரிசோதித்துக்கொள்வது அவசியம். ஆஸ்துமா, இருதய பலவீனம், நெஞ்சுக்கரிப்பு இவையும் இரவில் இதே வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

எனக்குப் பலித்தவற்றைச் சொல்கிறேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம். இராச் சாப்பாட்டைச் சுருக்கி, ஏழரை மணிக்குள் முடித்தோம். டாக்டர் சொன்ன அளவில் பகலில் தண்ணீரும் உப்பும் கூட்டினேன். இரத்தக் கொதிப்பும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் இதைப் பின்பற்றலாகாது. விழித்தால் எழுந்து நிற்பதில்லை, சாய்ந்து உட்காருகிறேன். மூச்சை இழுப்பதில் முயற்சி செய்யாமல் விடுவதில் கவனம் வைக்கிறேன்: நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. தானாக நடக்கும் காரியமானாலும் மூச்சு நம் பேச்சையும் கொஞ்சம் கேட்கும். வெளிமூச்சு நீண்டால் இருதயமும் நடையைத் தளர்த்துகிறது.

ஆனால் மார்பு வலி, உதடு நீலம் பாய்தல், மயக்கம், மூச்சிழுக்கையில் புதிதாகக் கீச்சென்ற சப்தம், விரல் கருவி 92க்குக் கீழே இறங்குதல் - இவற்றுள் ஒன்று கண்டாலும் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும். தூக்க மாத்திரையை நாமே வாங்கி விழுங்குவதும் ஆபத்து. சில மாத்திரைகள் மூச்சையே மந்தப்படுத்திவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து ஒன்றுண்டு. "ஒன்றுமில்லை, நீ தூங்கு" என்ற பொய்யை விட்டுவிட்டேன். இப்பொழுது "வந்துவிட்டது" என்று சொல்கிறேன். மனைவி முதுகில் கை வைத்து, நாலும் ஆறுமாக வாய்விட்டு எண்ணுகிறாள். முன்பு இருவரும் தனித்தனியே பயந்துகொண்டிருந்தோம். இப்பொழுது சேர்ந்து எண்ணுகிறோம். வியாதி போய்விடவில்லை. மாதத்தில் நாலைந்து இரவு வரத்தான் செய்கிறது. ஆனால் கால் மணி நேரத்தில் இருவரும் உறங்கிவிடுகிறோம்.

சென்ற வாரம் அப்படி ஓர் இரவு. எண்ணிக்கை முடிந்து நான் சும்மா படுத்திருந்தேன். தூக்கக் கலக்கத்தில் அவள், "இருக்கிறீர்களா?" என்றாள்.

"உள்ளேன் ஐயா!" என்றேன்.

அவள் சிரித்தாள். மறு நிமிஷம் நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.